பூட்டியவர் போய்விட்டார், சாவி யாரிடம்?

இந்த முறை கொஞ்சம் வித்தியாசமான ஒரு சரித்திரம்.

பி.காம் படிக்கிற பையனுக்குக் கணினிப் பூட்டைப் பற்றி என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. பேரேடு, ஐந்தொகை என்று நாங்கள் வகுப்பில் கோடு போட்டுப் படிப்பதெல்லாம் வெளியே போய்ப் பார்த்தால் எக்ஸெல் கோப்பாகவும் பி.டி.எஃப். ஆகவும்தான் இருக்கிறது. முக்கியமான கோப்பு என்றால் அதற்கு ஒரு பாஸ்வேர்ட் போட்டு வைப்பார்கள். சரி, போட்டவருக்கு அது மறந்துவிட்டால்? அதைவிட மோசமாக, போட்டவரே உயிரோடு இல்லை என்றால்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. ஒரு தடவை நார்வேயில் ஒரு நூலகத்துக்கு நடந்தது. இன்னொரு தடவை நியூயார்க்கில் ஒரு நிதி நிறுவனத்துக்கு நடந்தது. இரண்டு இடத்திலும் பூட்டு எப்படித் திறந்தது என்று பார்த்தால், கணினியைப் பற்றித் தெரிவதைவிட மனிதர்களைப் பற்றி அதிகம் தெரிகிறது. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நார்வே, 2002

நார்வே நாடு பல நூற்றாண்டுகள் டென்மார்க்கோடு இணைந்திருந்தது. அதனால் வீட்டில் பேசுவது ஒன்று, ஏட்டில் எழுதுவது டேனிஷ் மொழி என்ற நிலைமை. இதை மாற்ற நினைத்தவர் இவார் ஆசென் (1813-1896). விவசாயி வீட்டுப் பிள்ளை. ஊர் ஊராகப் போய்க் கிராமத்து ஜனங்கள் பேசும் பேச்சைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். 1848ல் ஒரு இலக்கணமும், 1850ல் ஒரு அகராதியும் வெளியிட்டார். அவர் உண்டாக்கிய எழுத்து மொழிதான் 1929லிருந்து நீநொர்ஸ்க் என்ற பெயரில் நார்வேயின் இரண்டு அதிகாரப்பூர்வ எழுத்து வடிவங்களில் ஒன்றாக இருக்கிறது.

அவர் பிறந்த இடத்திலேயே 2000ல் இவார் ஆசென் மையம் என்று ஒரு மொழி, பண்பாட்டு நிறுவனத்தைத் திறந்தார்கள். ரெய்டார் யூபெடால் என்ற மொழிப் பேராசிரியர் ஆயுள் முழுக்கச் சேர்த்த நூல்கள் இந்த மையத்துக்கு வந்து சேர்ந்தன. அவர் 1989ல் காலமானவர். சுமார் 11,000 நூல்களும் ஆவணங்களும் அடங்கிய அந்தச் சேகரிப்புக்குக் கணினியில் ஒரு பட்டியலும் இருந்தது. டிபேஸ் என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் செய்த பட்டியல்.

இங்கேதான் சிக்கல். பட்டியலுக்குப் பாஸ்வேர்ட் போட்டிருந்தது. அதை உருவாக்கியவர் அந்தச் சொல்லை யாரிடமும் சொல்லாமல் இறந்துபோயிருந்தார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புத்தகங்கள் அத்தனையும் கண்ணெதிரே இருக்கின்றன. ஒன்றுகூடத் திருட்டுப் போகவில்லை. ஆனால் எது எங்கே இருக்கிறது, எது அபூர்வமான பிரதி என்று சொல்லும் பட்டியல் மட்டும் திறக்கவில்லை. பட்டியல் இல்லாத நூலகம் வெறும் புத்தகக் குவியல்தானே? மறுபடி செய்வதென்றால் முதல் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

2002 ஜூன் மாதம் அந்த மையம் ஒரு துணிச்சலான வேலை செய்தது. பூட்டிய கோப்பை இணையத்தில் போட்டு, 'முடிந்தவர்கள் திறந்து கொடுங்கள்' என்று உலகத்தில் உள்ள ஹேக்கர்களையெல்லாம் அழைத்தது. ஹேக்கர் என்றாலே திருடன் என்று எல்லோரும் பயந்த காலம் அது! சில மணி நேரத்திலேயே சரியான விடை வந்துவிட்டது. ஸ்வீடனைச் சேர்ந்த ஒரு புரோகிராமர் அனுப்பியது.

பாஸ்வேர்ட் என்ன தெரியுமா? யூபெடால் என்ற அந்தப் பெயரையே கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்து வரை திருப்பி எழுதியிருந்தார்கள். நம்மூரில் முருகன் என்பதை 'ன்கருமு' என்று எழுதுவது போல. அவர்கள் எழுத்தில் மொத்தம் 8 எழுத்து. அவ்வளவுதான்!

இதைப் படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் பூட்டியவர் பக்கம் நின்று பாருங்கள். அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. தனக்கு மறக்கக் கூடாது, மற்றவனுக்குச் சட்டென்று தெரியவும் கூடாது. அப்படி ஒரு சொல்லைத் தேடினால் மனதில் முதலில் வருவது ஒரு பெயர்தான்.

நியூயார்க், 2001

நார்வேயில் நடந்தது நூலகம். பட்டியல் ஒரு வருஷம் தாமதமாகத் திறந்தாலும் யாருக்கும் தலை போகாது. அதற்கு ஒன்பது மாதம் முன்னால் நியூயார்க்கில் நடந்தது அப்படிப்பட்டதல்ல.

கேன்டர் ஃபிட்ஸ்ஜெரால்டு என்பது அமெரிக்க அரசாங்கக் கடன் பத்திரங்களை வாங்கி விற்கும் சந்தையில் மிகப் பெரிய தரகு நிறுவனம். உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் 101 முதல் 105 வரையிலான தளங்களில் அதன் அலுவலகம். 2001 செப்டம்பர் 11ஆம் தேதி விமானம் மோதியது அந்தத் தளங்களுக்குக் கீழே. அன்று காலை அலுவலகத்தில் இருந்த ஒருவர்கூடத் தப்பவில்லை. நியூயார்க்கில் வேலை பார்த்த சுமார் 960 பேரில் 658 பேர் இறந்தார்கள். தலைவர் ஹாவர்டு லட்னிக் தன் மகனை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விடப் போயிருந்ததால் பிழைத்தார். அவருடைய தம்பி இறந்தவர்களில் ஒருவர்.

நிறுவனம் பிழைக்க வேண்டுமானால் கடன் பத்திரச் சந்தை மறுபடி திறக்கும்போது அதுவும் திறந்தாக வேண்டும். சந்தை திறந்தது செப்டம்பர் 13. அதாவது இரண்டே நாள்! நியூ ஜெர்ஸியில் ஒரு மாற்றுக் கணினி மையம் இருந்தது, தரவுகளின் நகலும் அங்கே இருந்தது. ஆனால் நூற்றுக்கணக்கான கணக்குகளின், கோப்புகளின் பாஸ்வேர்டுகள் இறந்தவர்களோடு போய்விட்டன. நகல் எடுத்து வைத்தவர்கள் சாவியை நகல் எடுக்கவில்லை.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முப்பதுக்கும் மேற்பட்ட நிபுணர்களை அனுப்பியது. முதலில் கணினியை வைத்து ஒவ்வொரு சொல்லாக முயன்று பார்த்தார்கள். எளிய பாஸ்வேர்டுகள் திறந்தன. மற்றவற்றுக்கு நேரம் போதாது. அப்போது நிபுணர்கள் சொன்னது இதுதான்: போட்டவரைப் பற்றித் தெரிந்தால் தேடல் சுருங்கும்.

யாருக்குத் தெரியும்? வீட்டுக்காரர்களுக்குத்தான். ஆகவே லட்னிக்கும் மிஞ்சிய ஊழியர்களும் இறந்தவர்களின் வீடுகளுக்கு ஃபோன் செய்தார்கள். கல்யாண நாள் எது, வீட்டு நாயின் பெயர் என்ன, எந்தக் கல்லூரியில் படித்தார் என்று கேட்டார்கள். கணவர் திரும்பி வருவாரா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம் இப்படிக் கேட்பதை நினைத்துப் பாருங்கள். கேட்கிறவருக்கும் கொடுமை, பதில் சொல்கிறவருக்கும் கொடுமை. 2014ல் நியூயார்க் டைம்ஸ் வார இதழில் இந்த விவரம் வெளிவந்தது. இத்தனை வருஷம் கழித்துப் படித்தாலும் மனம் கனக்கிறது.

நிறுவனம் செப்டம்பர் 13 அன்று காலை வியாபாரத்தைத் தொடங்கியது. வணிகவியல் பாடத்தில் 'தொடரும் நிறுவனம்' என்று ஒரு கோட்பாடு சொல்லித் தருவார்கள். நிறுவனம் நாளையும் நடக்கும் என்று நம்பித்தான் இன்றைய கணக்கை எழுதுகிறோம் என்பது அதன் பொருள். அந்த இரண்டு நாளில் அந்த நம்பிக்கை சில நாய்க்குட்டிப் பெயர்களிலும் கல்யாண தேதிகளிலும் தொங்கிக்கொண்டிருந்தது.

வல்லுநர்கள் மட்டும் ஒழுங்கா?

'சாதாரண ஆள் பெயரை வைப்பான், கணினி மேதைகள் அப்படிச் செய்வார்களா' என்று தோன்றும். செய்வார்கள்!

1979ல் ராபர்ட் மோரிஸ், கென் தாம்ப்ஸன் இருவரும் பாஸ்வேர்ட் பாதுகாப்பு பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தாம்ப்ஸன்தான் யூனிக்ஸை உருவாக்கிய இருவரில் ஒருவர். அவர்கள் பலரிடமிருந்து சேர்ந்த 3,289 பாஸ்வேர்டுகளைப் பார்த்தார்கள். அதில் 2,831, அதாவது 86 சதவீதம், மிகக் குட்டையாகவோ அகராதியிலோ பெயர்ப் பட்டியலிலோ இருக்கும் சொல்லாகவோ இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1980 வாக்கில் வெளியான ஒரு யூனிக்ஸ் தொகுப்பில் அந்த மேதைகளின் பாஸ்வேர்டுகளே மறைகுறியாக்கிய வடிவத்தில் தங்கிவிட்டன. பிற்காலத்தில் ஆர்வலர்கள் அவற்றை உடைத்துப் பார்த்தார்கள். ஸ்டீவ் போர்ன் வைத்தது தன் குடும்பப் பெயரையே. டென்னிஸ் மெக்கலிஸ்டர் ரிட்சி வைத்தது 'டி', 'மேக்' என்று தன் பெயரின் முதல் துண்டுகளை. தாம்ப்ஸனுடையது மட்டும் நீண்ட காலம் அசையவில்லை. 2019ல்தான், நாள்கணக்கில் கணினியை ஓட விட்டு ஒருவர் கண்டுபிடித்தார். அது சதுரங்கத்தில் ராணியின் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் முதல் நகர்த்தலைப் பழைய குறியீட்டில் எழுதியது! தாம்ப்ஸன் பெல் என்ற சதுரங்கக் கணினியை உருவாக்கியவர்களில் ஒருவர். அவரைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்காது.

ஆக, வல்லுநரோ சாதாரண ஆளோ, அவரவருக்குப் பிரியமானதைத்தான் சாவியாக வைக்கிறார்கள்.

பூட்டு வளர்ந்த கதை

பழைய கோப்புகள் திறந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பூட்டே லேசானது.

1990களில் வேர்ட்பெர்ஃபெக்ட், லோட்டஸ், எக்ஸெல் கோப்புகளின் மறந்துபோன பாஸ்வேர்டைக் கண்டுபிடித்துத் தரும் மென்பொருளை அமெரிக்காவில் ஒரு நிறுவனம் விற்றது. அது கண் இமைக்கும் நேரத்தில் வேலையை முடித்துவிடுமாம். வாடிக்கையாளர் 'இவ்வளவுதானா நம்ம பூட்டு' என்று அதிர்ந்துவிடக் கூடாதே என்று, வேண்டுமென்றே சில நொடி தாமதத்தை அதில் சேர்த்தார்களாம். அந்தக் காலத்துக் கோப்புப் பூட்டின் தரம் அவ்வளவு!

அடுத்து வந்த ஆஃபிஸ் 97, ஆஃபிஸ் 2000 இரண்டிலும் 40 பிட் சாவி இருந்தது. வலுவான மறைகுறியாக்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப அமெரிக்க அரசு அப்போது தடை வைத்திருந்தது முக்கியக் காரணம். 40 பிட் என்றால் சுமார் 1.1 லட்சம் கோடி சாவிகள். பெரிய எண்தான். ஆனால் ஒரு கணினி நொடிக்கு 10 லட்சம் சாவிகளை முயன்றால் 13 நாளுக்குள் எல்லாமே முடிந்துவிடும். பாஸ்வேர்ட் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இதே கதைதான்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எக்ஸெலில் இரண்டு விதமான பாஸ்வேர்ட் உண்டு. கோப்பைத் திறக்கவே கேட்பது ஒன்று. திறந்த பிறகு தாளில் திருத்தம் செய்யாமல் தடுப்பது இன்னொன்று. இரண்டாவது பூட்டே அல்ல, 'தயவுசெய்து தொடாதீர்கள்' என்ற அறிவிப்புப் பலகை. பழைய எக்ஸெல் அந்தத் தாள் பாஸ்வேர்டை மிகச் சிறிய ஒரு எண்ணாகச் சுருக்கித்தான் வைத்திருந்தது. அசல் சொல்லே தேவையில்லை, அதே எண்ணைத் தரும் வேறு ஏதாவது சொல் போதும். 1,94,560 சேர்க்கைகளுக்குள் ஒன்று கட்டாயம் பொருந்தும். சம்பளப் பட்டியலைத் தாள் பாதுகாப்பை மட்டும் நம்பி அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பி.டி.எஃப்.பிலும் இதே மாதிரிதான்: திறக்கும் பாஸ்வேர்ட் உண்மையான பூட்டு; அச்செடுக்காதே, நகலெடுக்காதே என்ற தடை, படிக்கும் மென்பொருள் மதித்தால்தான் உண்டு.

பெரிய மாற்றம் ஆஃபிஸ் 2007ல் வந்தது. ஏ.இ.எஸ். என்ற வலுவான முறை வந்தது. கூடவே, ஒரு பாஸ்வேர்டைச் சரிபார்க்க ஒரே கணக்கை 50,000 தடவை திரும்பத் திரும்பப் போட வேண்டும் என்று வைத்தார்கள். 2010ல் அது 1,00,000 ஆனது. சரியான சொல் தெரிந்தவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஊகித்துப் பார்ப்பவருக்குத்தான் ஒவ்வொரு ஊகத்துக்கும் 50,000 மடங்கு செலவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? சிறிய எழுத்துகள் மட்டும் உள்ள 8 எழுத்துச் சொல் என்றால் 26ஐ எட்டு முறை பெருக்க வேண்டும், சுமார் 20,883 கோடி வாய்ப்புகள். நொடிக்கு 10 லட்சம் கணக்கு போடும் அதே கணினியை எடுத்துக்கொள்வோம். ஒரு ஊகத்துக்கு 50,000 கணக்கு என்றால் நொடிக்கு 20 ஊகம்தான். எல்லாவற்றையும் முயன்று முடிக்க சுமார் 331 வருஷம்! இன்றைய கணினிகள் இதைவிடப் பல மடங்கு வேகம்தான். ஆனால் பாஸ்வேர்டில் இன்னும் நாலைந்து எழுத்து கூடினால் அந்த வேகமும் பத்தாது.

இப்போது நார்வேக்குத் திரும்புங்கள். அந்தப் பாஸ்வேர்டும் 8 எழுத்துதான். புதிய பூட்டில், அதே கணினியை வைத்து எல்லா வாய்ப்பையும் முயன்றால் நூற்றாண்டுகள். பெயர்கள், திருப்பிய பெயர்கள், பிறந்த வருஷங்கள் என்று மனித வழக்கம் தெரிந்து ஊகித்தால் சில நிமிஷம். பூட்டு எவ்வளவு வளர்ந்தாலும் இந்த ஒரு வித்தியாசம் மாறவில்லை.

நம்ம ஊருக்கு வருவோம்

நம் நாட்டிலும் இதே வழக்கம்தான், அதுவும் அதிகாரப்பூர்வமாகவே. இ-ஆதார் பி.டி.எஃப். திறக்கப் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும் போட வேண்டும். இ-பான் கோப்புக்குப் பிறந்த தேதி. யாருக்கும் மறக்கக் கூடாது என்பதற்காக வைத்தது. அதனால்தான் ஜெராக்ஸ் கடைக்காரர் நம் பெயரையும் வருஷத்தையும் கேட்டுவிட்டுத் தானே திறந்துகொள்கிறார். வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

இதைக் கேட்டதும் எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்று: பெயர் வைக்காதே, தேதி வைக்காதே, யாரிடமும் சொல்லாதே. முதல் இரண்டும் சரி. மூன்றாவதில்தான் எனக்குச் சந்தேகம்.

ஏனென்றால் நார்வே நூலகத்தையும் நியூயார்க் நிறுவனத்தையும் காப்பாற்றியது அவர்களுடைய பலவீனமான பாஸ்வேர்டுகள்தான்! அந்தப் பட்டியல் புதிய முறையில், நீளமான, அர்த்தமில்லாத ஒரு சொல்லால் பூட்டப்பட்டிருந்தால் எந்த ஸ்வீடன்காரராலும் திறந்திருக்க முடியாது. பழைய பூட்டு மறதியையும் மரணத்தையும் மன்னித்தது. புதிய பூட்டு மன்னிக்காது. நாம் எவ்வளவுக்கு எவ்வளவு நல்ல பாஸ்வேர்ட் வைக்கிறோமோ, அவ்வளவுக்கு அவ்வளவு அதை இன்னொருவரிடம் சேர்த்து வைக்கும் கடமையும் கூடுகிறது. அறிவுரை சொல்பவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதே இல்லை.

இதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வங்கியின் பெட்டக அறைக்கு எப்போதும் இரண்டு சாவி, இரண்டு அதிகாரிகளிடம். இருவரும் சேர்ந்தால்தான் திறக்கும். மாற்றுச் சாவிகளை உறையில் போட்டு, முத்திரை வைத்து, வேறொரு கிளையில் ஒப்படைத்து வைப்பார்கள். ஒருவரை நம்பாததால் மட்டும் செய்த ஏற்பாடு இல்லை இது. ஒருவர் நாளைக்கு வராமல் போகலாம் என்பதற்காகவும் செய்த ஏற்பாடு. இரும்புச் சாவிக்கு இவ்வளவு யோசித்த நாம், கோப்பின் சாவியை மட்டும் ஒரே ஒரு மண்டைக்குள் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம்.

வீட்டிலும் அப்படித்தான். காப்பீட்டு விவரம், கடன் கணக்கு, நிலப் பத்திரத்தின் ஸ்கேன் எல்லாம் அப்பாவின் கணினியில் ஒரு பூட்டிய கோப்பில் இருக்கும். அம்மாவுக்கு அந்தக் கோப்பு இருப்பதே தெரியாது. எத்தனையோ வீடுகளில் இதுதான் நிலைமை. ஒரு காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, பீரோவில் நகைக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். எந்தக் கோப்பு, எங்கே இருக்கிறது, என்ன சொல் என்ற மூன்றே வரி. பாஸ்வேர்ட் மாற்றும்போது உறையையும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை.

கேன்டர் குடும்பங்களுக்கு வந்த அந்த ஃபோன் நம் வீட்டுக்கு வரவே கூடாது. வந்தாலும், 'பீரோவில் ஒரு உறை இருக்கிறது, பாருங்கள்' என்று சொல்லிவிட்டு அவர்கள் அழுவதற்காவது நேரம் கிடைக்கட்டும்.

அடுத்த கட்டுரையில் சந்திப்போம் நண்பர்களே. அதற்குள் அந்த உறையைத் தயார் செய்துவிடுங்கள்!